'அஞ்சு நிமிஷம்தான்' என்று எடுத்த போன் மணிக்கணக்கில் கையிலேயே இருப்பது ஏன்? கட்டுக்குள் வைப்பது எப்படி?

இரவு 10.30 மணி. விளக்கை அணைத்தாச்சு. காலை 5.30 மணிக்கு அலாரம் வைக்கலாம் என்று போனை எடுக்கிறீர்கள். திரையில் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். திறந்தால் உள்ளே ஒரு ரீல்ஸ் லிங்க். அதைப் பார்த்து முடித்ததும் அடுத்தது, அதற்கடுத்தது. நிமிர்ந்து பார்த்தால் மணி 12.15. இதில் வேடிக்கை என்னவென்றால், அலாரம் இன்னும் வைக்கவே இல்லை.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன், பாத்ரூமுக்குள் போன், சிக்னலில் 30 நொடி நின்றாலும் கையில் போன். "இனிமே குறைச்சுக்கணும்" என்று சொல்லாதவர்களும் கிடையாது. சொன்னபடி குறைத்தவர்கள்தான் குறைவு.

அதற்காக போனைத் தூக்கி எறிந்துவிட முடியுமா? கரண்ட் பில் கட்டுவது அதில்தான். பள்ளி வீட்டுப்பாடம் வருவது அதில்தான். துபாயில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். பெட்டிக்கடையில் 10 ரூபாய்க்குக் கூட க்யூஆர் கோடு. எனவே, விட்டுவிடுவது தீர்வாகாது. அளவோடு வைத்துக்கொள்வதுதான் வழி. அந்த அளவு எது, அதை எப்படிப் பிடிப்பது என்பதைப் பார்க்கலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்த்தால் அதிகம்?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. பெரியவர்களுக்கு 'இத்தனை மணி நேரம்தான்' என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. டெலிவரி வேலை பார்ப்பவருக்கு நாள் முழுக்க மேப் ஓடிக்கொண்டே இருக்கும். அவருக்கு 8 மணி நேரம் திரை ஓடினாலும் அது பிழைப்பு. இன்னொருவருக்கு 2 மணி நேரம்தான் ஓடுகிறது. ஆனால் அந்த 2 மணி நேரமும் அவர் தூங்க வேண்டிய நேரம். இருவரில் யாருக்குப் பிரச்னை?

அதனால் மணி நேரத்தைவிட, போனை எதற்காக எடுக்கிறோம் என்று பார்ப்பது பயன்தரும். சுலபமாக மூன்றாகப் பிரிக்கலாம்.

• தேவைக்கு: பணம் அனுப்புவது, டிக்கெட் எடுப்பது, வேலை, படிப்பு. வேலை முடிந்ததும் போன் கீழே போய்விடும்.

• உறவுக்கு: போன் பேசுவது, வீடியோ கால், நெருங்கியவர்களுடன் சாட். முடிந்த பிறகு மனசுக்கு நன்றாக இருக்கும்.

• சும்மா: எதற்கு எடுத்தோம் என்றே தெரியாது. முடியும் இடமும் கிடையாது. கீழே வைத்த பிறகு "இவ்வளவு நேரம் என்ன பண்ணினோம்?" என்ற எரிச்சல்தான் மிஞ்சும்.

குறைக்க வேண்டியது இந்த மூன்றாவதைத்தான். அதற்காகப் பொழுதுபோக்கே கூடாது என்று அர்த்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்க்கலாம் என்று உட்கார்ந்து பார்ப்பது வேறு. பஸ் டைம் பார்க்கப் போன இடத்தில் 40 நிமிடம் காணாமல் போவது வேறு.

நம் மனசுதான் பலவீனமா?

"எனக்கு கன்ட்ரோலே இல்ல" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் செயலிகள் கீழே வைக்க முடியாதபடிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ, அவ்வளவு விளம்பரம் காட்டலாம். அவர்களுடைய வருமானமே அதில்தான் இருக்கிறது.

பழைய இணையதளங்களில் பக்கம் முடிந்தால் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்துவதா வேண்டாமா என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். 2006-ல் அஸா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் முறையை உருவாக்கினார். அந்த ஒரு நொடி காணாமல் போனது. தான் உருவாக்கியதை நினைத்து வருந்துவதாக அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

இரண்டாவது உத்தி, 'அடுத்து என்ன வரும்?' என்ற எதிர்பார்ப்பு. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து நடத்திய சோதனைகள் பிரபலமானவை. ஒவ்வொரு முறையும் இரை கிடைத்தால் பசித்தபோது மட்டும் வந்து அழுத்தும். எப்போது கிடைக்கும் என்று தெரியாவிட்டால் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட மெஷின் வேலை செய்வது இப்படித்தான். பத்து ரீல்ஸில் ஒன்பது சுமார், ஒன்று சூப்பர். அந்த ஒன்றுக்காக விரல் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

இதோடு தானாக ஓடும் அடுத்த வீடியோ, சிவப்பு நிற எண், 'பார்த்துவிட்டார்' என்று காட்டும் நீல டிக் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. எதிரே இத்தனை ஏற்பாடு இருக்கும்போது மன உறுதியை மட்டும் நம்பி ஜெயிப்பது கஷ்டம். நாமும் ஏற்பாடுகளை மாற்ற வேண்டும். அவை என்னென்ன என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

உடம்பில் என்ன நடக்கிறது?

கண்: சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். எரிச்சல், வறட்சி, தலைவலி எல்லாம் அதனால்தான். கண் மருத்துவர்கள் சொல்லும் எளிய வழி '20-20-20'. அதாவது, 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தள்ளி இருக்கும் ஒன்றை 20 நொடி பார்ப்பது. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரம் போதும்.

கழுத்து: நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நேராக இருக்கும்வரை கழுத்துக்குச் சிரமமில்லை. 60 டிகிரி அளவுக்குக் குனிந்து போன் பார்த்தால், கழுத்தெலும்பின் மேல் விழும் அழுத்தம் சுமார் 27 கிலோவுக்குச் சமமாகிறது என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணக்கிட்டார். போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தாலே பாதி பாரம் குறைந்துவிடும்.

தூக்கம்: இருட்டத் தொடங்கியதும் நம் உடலில் 'மெலடோனின்' என்ற ஹார்மோன் சுரக்கும். "தூங்கும் நேரம் வந்தாச்சு" என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். முகத்துக்கு நேரே பிடிக்கும் திரை வெளிச்சம் அதைத் தள்ளிப்போடும். வெளிச்சத்தைவிட, நாம் பார்க்கும் விஷயம் இன்னும் பெரிய காரணம். சண்டை வீடியோ, அரசியல் விவாதம், மேனேஜர் அனுப்பிய மெசேஜ் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் படுத்தால் மூளை எப்படி அடங்கும்? பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமும், 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. போன் முதலில் கை வைப்பது இந்த நேரத்தில்தான்.

கவனம்: கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க், அலுவலக ஊழியர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2004-ல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், பிந்தைய ஆய்வுகளில் சுமார் 47 நொடிகளாகச் சுருங்கிவிட்டது என்கிறார் அவர். படிக்க உட்கார்ந்த பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்றால், புத்தகத்துக்குப் பக்கத்தில் போன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குழந்தைகளுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

பெரியவர்களுக்கு ஒரே எண் இல்லாவிட்டாலும், குழந்தைகளுக்குத் தெளிவான அளவு இருக்கிறது. இந்தியக் குழந்தை நல மருத்துவர்கள் சங்கம் வெளியிட்டுள்ள வழிகாட்டுதல் இது:

• 2 வயதுக்குக் கீழ்: எந்தத் திரையும் வேண்டாம்.

• 2 முதல் 5 வயது வரை: ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம். அதுவும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

• 5 முதல் 10 வயது வரை: 2 மணி நேரத்துக்கும் குறைவாக.

உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் ஏறத்தாழ இதையேதான் சொன்னது: 2 வயது ஆகும்வரை திரை முன்னால் உட்கார வைக்க வேண்டாம், 2 முதல் 4 வயது வரை 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

"போன் கொடுத்தாதான் சாப்பிடுறான்" என்பது பல வீடுகளில் தினமும் கேட்கும் பேச்சு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீடியோவைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கும் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்ததா, பசிக்கிறதா என்று கவனிக்கும் பழக்கம் வராது. அம்மாவும் குழந்தையும் பேசிக்கொள்ளும் நேரமும் போய்விடும். பேச்சு வருவதே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான். திடீரென நிறுத்தினால் நாலைந்து நாள் அடம்பிடிக்கும் என்பது உண்மைதான். முதலில் ஒரு வேளை சாப்பாட்டை மட்டும் போன் இல்லாமல் ஊட்டிப் பாருங்கள். காக்காவுக்கும் ஒரு வாய், உனக்கு ஒரு வாய் என்ற பழைய முறை இன்னும் வேலை செய்கிறது.

இன்னொன்று, வெளியில் விளையாடும் நேரம். தினமும் வெயில் வெளிச்சத்தில் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறைபாடு வரும் வாய்ப்பு குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போனைப் பிடுங்கிவிட்டு "போய் படி" என்றால் மட்டும் போதாது. பிள்ளைக்கு ஓடி விளையாட ஓர் இடமும் நேரமும் வேண்டும்.

அதைவிட முக்கியம், பெரியவர்கள் என்ன செய்கிறோம் என்பது. கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டே "போனைக் கீழே வை" என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்?

தாத்தா, பாட்டிக்கும் இந்தப் பிரச்னை உண்டா?

உண்டு. இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் இருவர் மட்டும். பகல் முழுக்க யூடியூப், ஃபார்வர்டு மெசேஜ். தனிமைக்குப் போன் ஒரு துணை என்பதை மறுக்க முடியாது. ஆனால், வந்ததை எல்லாம் நம்பி மாத்திரையை நிறுத்துவது, மோசடிக் காரர்களிடம் சிக்குவது என்று ஆபத்தும் அதே வழியாகத்தான் வருகிறது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. எந்தப் போலீஸும் வீடியோ காலில் கைது செய்யாது. இதை வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முறை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

பெரியவர்களிடம் போனைக் குறைக்கச் சொல்வதைவிட, தினமும் ஒரு முறை அவர்களுக்குப் போன் போட்டுப் பேசுவது அதிகம் உதவும்.

எப்போது இது நோய் ஆகிறது?

அதிகம் பார்ப்பவர்கள் எல்லோரும் அடிமைகள் கிடையாது. 'கேமிங் டிஸார்டர்' எனப்படும் விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அது சொல்லும் அடையாளங்கள் மூன்று:

• எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கையில் இல்லாமல் போவது.

• சாப்பாடு, படிப்பு, வேலை, நண்பர்கள் எல்லாவற்றையும்விட விளையாட்டு முக்கியமாகிவிடுவது.

• கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்வது.

இவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்து, அன்றாட வாழ்க்கையையே பாதித்தால்தான் மருத்துவர்கள் இதை நோய் என்கிறார்கள். ரீல்ஸ், ஷாப்பிங், சமூக வலைதளம் எதுவானாலும் இந்த மூன்று கேள்விகளையும் நம்மிடம் நாமே கேட்டுப் பார்க்கலாம்.

பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் கேம்களில் ஆபத்து இன்னும் அதிகம். நேரத்தோடு குடும்பத்தின் சேமிப்பும் போகும். தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இவற்றை விளையாடத் தடை விதித்தன; நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாருமே உள்ளே நுழையக் கூடாது என்றும் கூறின. இந்த விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் மாதம் உறுதி செய்தது. ஆகஸ்டில், பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் கேம்களையே தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

ஊரே சேர்ந்து போனை அணைத்த கதை

மகாராஷ்டிரா மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். அங்கே 2022-ல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலில் இருந்து சைரன் ஒலிக்கும். வீடுகளில் டிவி, மொபைல் எல்லாம் அணைந்துவிடும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். 8.30 மணிக்கு மறுபடி சைரன் ஒலித்ததும், விரும்பியவர்கள் போனை எடுத்துக்கொள்ளலாம்.

கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் கைக்கு வந்த போன், பள்ளி திறந்த பிறகும் கீழே இறங்கவில்லை என்பதுதான் அந்த ஊர்க்காரர்களின் கவலை. இந்த யோசனை வேலை செய்ததற்குக் காரணம் எளிமையானது. ஒரு வீட்டில் மட்டும் போனை அணைத்தால், "அவன் வீட்டில மட்டும் பார்க்கிறான்" என்று பிள்ளை அழும். ஊரே அணைத்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நாள் முழுக்கத் தடை போடாமல் ஒன்றரை மணி நேரம் மட்டும் என்றதும் எல்லோராலும் ஏற்றுக்கொள்ள முடிந்தது.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போயிருக்கிறது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கிய சமூக வலைதளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது என்ற சட்டம் அங்கே 2025 டிசம்பர் 10 முதல் அமலில் உள்ளது. மீறினால் அபராதம் நிறுவனங்களுக்கு. பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வட்காவ் சைரனை நம் வீட்டு அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம்.

சரி, இப்போ என்ன பண்ணலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் அளந்து பாருங்கள்: ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்று இருக்கும். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போகிறது, ஒரு நாளில் எத்தனை முறை போனைத் திறந்தீர்கள் என்று அதில் தெரியும். ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். நாம் மனசில் போட்டு வைத்திருக்கும் கணக்கும் அங்கே இருக்கும் கணக்கும் ஒன்றாக இருக்காது.

2. போனுக்கு ஒரு படுக்கை கொடுங்கள்: சார்ஜரைப் படுக்கையறையில் இருந்து ஹாலுக்கு மாற்றிவிடுங்கள். எழுந்திருக்க ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். அவசர அழைப்பு வருமே என்ற பயம் இருந்தால், சத்தத்தைக் கூட்டி வையுங்கள். ஹாலில் மணி அடித்தால் கேட்கும்.

3. நோட்டிஃபிகேஷனைக் களையெடுங்கள்: அழைப்பு, வங்கி எஸ்எம்எஸ், நெருங்கியவர்களின் மெசேஜ் போதும். ஷாப்பிங், கேம், சமூக வலைதளம் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். குடும்ப குரூப், அபார்ட்மென்ட் குரூப், பள்ளி குரூப் ஆகியவற்றை மியூட் செய்துவிட்டு, நாளைக்கு இரண்டு முறை நீங்களாகப் போய்ப் பாருங்கள். குரூப்பை விட்டு வெளியேறி யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

4. கைக்கு எட்டாமல் வையுங்கள்: அதிக நேரம் தின்னும் செயலியை முதல் திரையில் இருந்து நீக்குங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால், செயலியையே அழித்துவிட்டு, வேண்டும்போது பிரவுசரில் போய்ப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத் தாமதம்தான் காணாமல் போன 'யோசிக்கும் நொடியை' மீட்டுக் கொடுக்கும்.

5. வீட்டுக்கு ஒரு 'சைரன்' வையுங்கள்: இரவுச் சாப்பாட்டு நேரமாக இருக்கலாம், 7 முதல் 8 மணி வரை என்றும் இருக்கலாம். அந்த நேரத்தில் அப்பா, அம்மா உட்பட எல்லோருடைய போனும் ஒரே இடத்தில். முதல் இரண்டு மூன்று நாள் என்ன பேசுவது என்றே தெரியாது. பரவாயில்லை, பேச்சு தானாக வரும்.

6. வேலைக்கும் ஒரு எல்லை வையுங்கள்: இரவு 9 மணிக்கு மேல் வரும் அலுவலக மெசேஜுக்கு உடனே பதில் போட்டுப் பழக்கினால், அடுத்த நாளும் எதிர்பார்ப்பார்கள். "அவசரம்னா கால் பண்ணுங்க, மத்ததைக் காலையில பார்க்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே அவசரமானது குறைவு என்பது அப்போது தெரியும்.

7. காலி நேரத்துக்கு ஒரு மாற்று: போனை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும். நடைப்பயிற்சி, செடிக்குத் தண்ணீர், பல்லாங்குழி, கேரம், பக்கத்து வீட்டுத் திண்ணைப் பேச்சு என்று எதையாவது அங்கே வைக்காவிட்டால் கை திரும்பவும் போனைத்தான் தேடும்.

ஒரு நாள் தவறிவிட்டது, மறுபடி நள்ளிரவு வரை பார்த்துவிட்டீர்கள் என்றால் "நமக்கு இதெல்லாம் செட் ஆகாது" என்று விட்டுவிட வேண்டாம். அடுத்த நாள் சார்ஜர் மறுபடி ஹாலுக்குப் போகட்டும்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

போனை வாங்கினால் பிள்ளை அடிக்க வருகிறான், பள்ளிக்குப் போக மறுக்கிறான், இரவு பகல் மாறிவிட்டது, கேமுக்காகக் கடன் வாங்குகிறார், வேலையே போய்விட்டது என்ற நிலை வந்தால் அது வீட்டுக்குள் திட்டித் தீர்க்கும் விஷயம் இல்லை. பல நேரங்களில் மனச்சோர்வு, பதற்றம், பள்ளியில் நடக்கும் கேலி போன்றவற்றில் இருந்து தப்பிக்கத்தான் அவர்கள் திரைக்குள் ஒளிந்திருப்பார்கள். போனை உடைத்துப் போட்டால் காரணம் அப்படியே இருக்கும்.

மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை, தொழில்நுட்பப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே 'ஷட்' என்ற தனிப் பிரிவை 2014 முதல் நடத்தி வருகிறது.

இந்தக் கட்டுரையையும் நீங்கள் போனில்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இது முடிந்ததும் கீழே இன்னொரு செய்தி, அதற்குக் கீழே ஒரு வீடியோ வரும். நாளைக் காலைக்கான அலாரத்தை இப்போதே வைத்துவிட்டு, போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். மற்ற செய்திகளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.